வெள்ளைச் சூறாவளி: 1888 மார்ச்

1888-ஆம் ஆண்டு மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை தொடங்கி 14 புதன்கிழமை வரை அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையைத் தாக்கிய பனிப்புயல், அந்நாடு கண்ட மிகக் கொடிய புயல்களுள் ஒன்று. தெற்கே செசபீக் விரிகுடாவிலிருந்து வடக்கே மெய்ன் மாநிலம் வரை அதன் கை நீண்டது. நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மாநிலங்களின் பல பகுதிகளில் 40 முதல் 50 அங்குலம் வரை பனி கொட்டியது. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ 200 பேர் நியூயார்க் நகரத்தில் இறந்தவர்கள். 'பெரும் வெள்ளைச் சூறாவளி' என்று அமெரிக்கர்கள் பின்னாளில் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பனியின் அளவால் மட்டும் அந்தப் புயல் வரலாற்றில் இடம்பிடிக்கவில்லை. அது தாக்கிய கடற்கரை, அன்றைய உலகில் நவீன வசதிகள் மிகுந்திருந்த பகுதிகளுள் ஒன்று. தந்தி, தொலைபேசி, மின்விளக்கு, உயர்மட்ட ரயில் ஆகிய நான்கும் அங்கே அன்றாட வாழ்க்கையில் கலந்துவிட்டிருந்தன. நான்கும் தரைக்கு மேலேதான் இயங்கின. ஒரே நாளில் நான்கும் நின்றுபோயின. கம்பிகளைப் பூமிக்குள் புதைக்கச் சொல்லும் சட்டமும், சுரங்க ரயிலுக்கான திட்டமும் புயலுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டன. எழுதியவை நிறைவேறாமல் கிடந்த இடைவெளியில்தான் புயல் புகுந்தது.

மிதமான குளிர்காலம்

1887-88 குளிர்காலம் அமெரிக்காவின் உட்பகுதிக்கு ஒரு மாதிரியும் கிழக்குக் கடற்கரைக்கு வேறு மாதிரியும் அமைந்தது. ஜனவரி 12 அன்று டகோட்டா, நெப்ராஸ்கா சமவெளிகளில் திடீரென்று வீசிய பனிப்புயலில் சுமார் 235 பேர் இறந்தார்கள். பள்ளி விட்டு வீடு திரும்பிய குழந்தைகள் பலர் வழியிலேயே உறைந்து மாண்டதால், அது 'பள்ளிக் குழந்தைகளின் பனிப்புயல்' என்று வழங்கலாயிற்று. அந்தச் செய்தியைப் படித்த நியூயார்க்வாசிகளுக்கு, அத்தகைய புயல் மேற்குச் சமவெளிகளுக்கே உரியது என்ற எண்ணம் இருந்தது. அவர்களுடைய ஊரில் அந்த ஆண்டு குளிர் கடுமையாக இல்லை. மார்ச் 10 சனிக்கிழமை வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. வசந்தம் வந்துவிட்டதாகவே ஊர் நம்பியது.

நியூயார்க் என்ற பெயர் அப்போது மன்ஹாட்டன் தீவையும் அதன் வடக்கே ஒரு சிறு பகுதியையும் மட்டுமே குறித்தது. 1890 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 15 லட்சத்துக்குச் சற்று அதிகம். கிழக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புரூக்ளின் தனி நகரம். அங்கே 8 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். இரண்டையும் இணைத்தவை படகுத் துறைகளும் 1883-இல் திறக்கப்பட்ட புரூக்ளின் பாலமும்தான். புரூக்ளினில் குடியிருந்து மன்ஹாட்டனில் வேலை பார்த்தவர்கள் ஏராளம்.

புயல் பிறந்த விதம்

குளிர்காலத்தின் கடைசிப் பகுதியில் இந்தக் கடற்கரையில் கடும்புயல்கள் உருவாவதற்கு நிலமும் கடலும் அமைந்திருக்கும் விதமே அடிப்படை. கனடாவின் வடபகுதியில் திரளும் உறைகாற்றைத் தடுக்கக் கிழக்கு மேற்காக ஓடும் மலைத்தொடர் எதுவும் வழியில் இல்லை. ஆகவே அது தடையின்றித் தெற்கே இறங்கும். கரையை ஒட்டிய கடலிலோ வளைகுடா நீரோட்டம் வெப்பமண்டலத்தின் சூட்டை வடக்கே சுமந்து செல்கிறது. உறைகாற்றும் ஈரமான சூடான காற்றும் குறுகிய இடத்தில் சந்திக்கும்போது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வேகமாக வலுக்கும். வட அரைக்கோளத்தில் தாழ்வு மண்டலத்தைச் சுற்றி வீசும் காற்று இடஞ்சுழியாகச் செல்வதால், தாழ்வு மண்டலம் கடலில் நகரும்போது கரையில் முதலில் வடகிழக்குக் காற்று வீசும். அதனால் இவ்வகைப் புயலுக்கு 'நார்ஈஸ்டர்' என்று பெயர்.

1888 மார்ச் இரண்டாம் வாரத்தில் வடக்கே பேரேரிகளிலிருந்து தெற்கே மெக்சிகோ வளைகுடா வரை ஒரு நீண்ட தாழ்வழுத்தப் பட்டை கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதன் வடமுனையில் ஒரு மையமும் தென்முனையில் இன்னொரு மையமும் இருந்தன. வடக்கில் இருந்தது நாளடைவில் தளர்ந்தது. தெற்கில் இருந்தது ஜார்ஜியாப் பகுதியைக் கடந்து, வட கரோலினாவின் ஹட்டராஸ் முனையருகே கடலின் சூட்டையும் ஈரத்தையும் உண்டு திடீரென்று வலுத்தது. அதே நேரத்தில் பட்டைக்குப் பின்னால் கனடாவின் உறைகாற்று பாய்ந்து வந்தது.

வலுத்த புயல் வழக்கம்போல வடகிழக்கே விரைந்து அட்லாண்டிக்கில் மறைந்திருந்தால், சேதம் ஒரு நாளோடு முடிந்திருக்கும். அது அப்படிச் செல்லவில்லை. ரோட் தீவு மாநிலத்துக்குத் தெற்கே உள்ள பிளாக் தீவுக்கு அருகில் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அந்தக் கடற்பரப்பிலேயே ஒரு வளையமிட்டுத் திரும்பியது. அதனால் ஒரே நிலப்பகுதியில் மணிக்கணக்காகப் பனி விழுந்துகொண்டே இருந்தது. புயல் மையத்துக்கு மேற்கே இருந்த பகுதிகள்தான் பனியில் மூழ்கின. கிழக்கே இருந்த பாஸ்டனிலும் மாசசூசெட்ஸின் கடலோர ஊர்களிலும் கடற்காற்றின் வெப்பம் புகுந்ததால் மழையும் ஈரப்பனியுமாகக் கலந்து பெய்தது. சில நூறு கிலோமீட்டருக்குள் ஒரு பக்கம் சேறும் மறுபக்கம் மாடி உயரப் பனியுமாக நாடு பிரிந்து கிடந்தது.

தவறிய முன்னறிவிப்பு

அமெரிக்காவில் வானிலை கணிக்கும் பொறுப்பு அன்று ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவிடம் இருந்தது. 1870-இல் தொடங்கிய அந்தச் சேவைக்கு 1888-இல் தலைவராக இருந்தவர் ஜெனரல் அடால்பஸ் கிரீலி. ஆர்க்டிக் ஆய்வுப் பயணம் ஒன்றில் பெரும்பாலான தோழர்களை இழந்து உயிர் மீண்டவர். நாடெங்கும் உள்ள நிலையங்களில் நாளுக்கு மூன்று முறை ஒரே நேரத்தில் காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை ஆகியவற்றை அளப்பார்கள். அளவுகள் தந்தி வழியாக வாஷிங்டனுக்குப் போய்ச் சேரும். அங்கே வரைபடத்தில் குறித்து, அடுத்த நாளுக்கான அறிக்கையை எழுதுவார்கள். நியூயார்க் கிளை பிராட்வேயில் ஈக்விட்டபிள் கட்டடத்தின் உச்சியில் இயங்கியது.

சனிக்கிழமை இரவு வாஷிங்டன் தந்த அறிக்கை, ஞாயிறன்று மழை பெய்யும், பின்பு குளிர் கூடித் தெளிந்த வானிலை நிலவும் என்ற பொருளில் அமைந்தது. மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்த பட்டையைக் கணித்தவர்கள் கண்டிருந்தார்கள். அது வழக்கம்போலக் கடலுக்குள் போய்விடும் என்றே எடுத்துக்கொண்டார்கள். கடலுக்குள் சென்ற புயலைக் கவனிக்க அவர்களிடம் கருவி ஏதுமில்லை. கப்பல்கள் துறைமுகம் வந்து சேர்ந்தால்தான் அவை கண்ட வானிலை கரைக்குத் தெரியும். ஞாயிறு ஓய்வுநாள் என்பதால் அலுவலகங்களில் வேலையும் குறைவாக இருந்தது. ஞாயிறு மாலைக்குள் தந்திக் கம்பிகள் அறுபடத் தொடங்கின. அதன்பின் வாஷிங்டனுக்குக் கடற்கரையிலிருந்து அளவுகள் வருவதே நின்றது. நிலைமை மிக மோசமாகிக்கொண்டிருந்த நேரத்தில் முன்னறிவிக்க வேண்டியவர்கள் குருடாக்கப்பட்டார்கள்.

திங்கட்கிழமை

ஞாயிறு முழுவதும் நியூயார்க்கில் கனமழை. இரவு ஏற ஏற மழை பனிக்கட்டித் தூறலாக மாறியது. நள்ளிரவைத் தாண்டிச் சில நிமிடங்களில் அது வெண்பனியானது. காற்றும் வடமேற்கிலிருந்து சீறத் தொடங்கியது. மழையில் நனைந்திருந்த கம்பிகள், தண்டவாளங்கள், கூரைகள், நடைபாதைகள் எல்லாவற்றின் மேலும் முதலில் கண்ணாடிபோலப் பனிக்கட்டி படிந்தது. அதன்மேல் பனி குவிந்தது. பின்னால் வந்த சேதங்களில் பெரும்பகுதிக்கு இந்த வரிசையே காரணம். காய்ந்த கம்பியில் விழும் பனி காற்றில் உதிர்ந்துவிடும். ஈரக்கம்பியில் உறைந்த பனிக்கட்டி தடித்துக்கொண்டே போய், கம்பியையும் கம்பத்தையும் சேர்த்து இழுத்துத் தள்ளும்.

திங்கள் காலையில் காற்றின் வேகம் மணிக்கு 45 மைலுக்கு, அதாவது 72 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது; சில இடங்களில் இடையிடையே வீசிய காற்று 80 மைலை எட்டியதாகப் பதிவுகள் கூறுகின்றன. எதிரே நிற்பவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெருவின் ஒரு பக்கத்தைக் காற்று தரை தெரியத் துடைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் வீட்டின் இரண்டாம் மாடி சன்னல் வரை பனியைக் குவித்தது. நகரத்தில் மொத்தம் விழுந்த பனி 21 அங்குலம். காற்று வாரிக் குவித்த மேடுகளோ அதைப் பல மடங்கு விஞ்சின. புரூக்ளினுக்குத் தெற்கே கிரேவ்செண்டில் ஒரு பனிமேடு 52 அடி உயரம் இருந்ததாகக் குறிப்பு உள்ளது.

இவ்வளவு பனியிலும் காலையில் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குக் கிளம்பினார்கள். ஆலைத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. சில இடங்களில் வேலையே போகும். வானிலை பற்றி நம்பத்தக்க செய்தி எதுவும் அவர்களை எட்டவில்லை. வெயிலுக்குக் காத்திருந்த ஊரில் இது சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. குதிரை டிராம்கள் ஆங்காங்கே புதைந்தன. வண்டிக்காரர்கள் குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு டிராம்களைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். நடந்து சென்றவர்களில் பலர் மதுக்கடைகளிலும் காவல் நிலையங்களிலும் தங்கும் விடுதிகளிலும் ஒதுங்கினார்கள். விடுதிகளின் கூடங்களில் கட்டில் போட்டு ஆட்களைப் படுக்கவைத்தார்கள். வழியில் போவோரின் உறைந்த காதுகளில் காவலர்கள் பனியை அள்ளித் தேய்த்தார்கள். அது அக்கால வைத்தியம். அப்படித் தேய்ப்பது தசையை மேலும் கெடுக்கும் என்பது இன்றைய மருத்துவம். ஒதுங்க இடம் கிடைக்காதவர்கள், களைத்துப் பனிமேட்டில் உட்கார்ந்தவர்கள், பனி ஓய்ந்த பின்பே கண்டெடுக்கப்பட்டார்கள்.

பங்குச் சந்தைக்குத் திங்களன்று வந்து சேர்ந்த உறுப்பினர்கள் முப்பது பேரளவே. வணிகம் முடங்கியது. நீதிமன்றங்கள் ஒத்திவைத்தன. பி. டி. பார்னமின் சர்க்கஸோ மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டத்துக்காகத் தன் காட்சியை நடத்தியது.

உயர்மட்ட ரயில்

நியூயார்க்கின் பெருமைகளில் ஒன்று அதன் உயர்மட்ட ரயில். இரும்புத் தூண்களின் மேல் தெருவுக்கு மேலாக அமைந்த தண்டவாளத்தில் சிறிய நீராவி எஞ்சின்கள் பெட்டிகளை இழுத்துச் சென்றன. இரண்டாம், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் அவென்யூக்களின் மேல் ஓடிய இந்த ரயில்கள் தெரு நெரிசலைத் தாண்டிச் செல்ல வழி கொடுத்தன. தெருவில் குவியும் பனி அவற்றைத் தொடாது என்பதே பொது நம்பிக்கை. திங்கள் காலை, தண்டவாளத்தில் உறைந்திருந்த பனிக்கட்டியின் மேல் எஞ்சின் சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழன்றன. சந்திகளைத் திருப்பும் கருவிகள் உறைந்தன. ஒன்றன்பின் ஒன்றாக ரயில்கள் நிலையங்களுக்கு நடுவில் நின்றுவிட்டன. மூன்றாம் அவென்யூ பாதையில் நின்றிருந்த ரயிலின் மேல் பின்னால் வந்த ரயில் மோதி உயிரிழப்பும் நேர்ந்தது.

சுமார் 15,000 பயணிகள் தெருவுக்கு மேலே சிக்கிக்கொண்டதாக மதிப்பிடப்படுகிறது. கணப்பு அணைந்த பெட்டிகளில் சிலர் மணிக்கணக்காக அடைந்து கிடந்தார்கள். கீழே ஏணியோடு வந்து நின்றவர்கள் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு அவர்களை இறக்கிவிட்டார்கள்.

அறுந்த கம்பிகள்

கீழ் மன்ஹாட்டன் தெருக்களின் அன்றைய புகைப்படங்களில் வானத்தை மறைக்கும் அளவுக்குக் கம்பிகள் தெரியும். தந்தி, தொலைபேசி, தீயணைப்பு எச்சரிக்கை, பங்குவிலைச் செய்தி, மின்விளக்கு என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் கம்பங்களைத் தனியாக நட்டிருந்தது. பல மாடி உயரமுள்ள ஒரே கம்பத்தில் வரிசை வரிசையாகக் குறுக்குச் சட்டங்கள். பனிக்கட்டியின் கனமும் காற்றின் வேகமும் சேர்ந்து இவற்றைச் சாய்த்தன. கம்பம் விழுந்தால் அருகில் இருந்த கம்பங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. திங்கள் இரவு பெரும்பாலான தெருக்களில் விளக்கெரியவில்லை.

ஊருக்குள் நடந்தது மாநிலங்களுக்கு இடையேயும் நடந்தது. கனடாவின் மாண்ட்ரியலிலிருந்து வாஷிங்டன் வரை தந்தித் தொடர்பு நாள்கணக்கில் துண்டித்துக் கிடந்தது. தலைநகரத்தால் நாட்டின் மிகப் பெரிய நகரத்தோடு பேச முடியவில்லை. நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடையே தொலைவு 350 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் தரைக்கம்பிகள் அறுந்திருந்ததால், கடலடிக் கேபிள் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து லண்டனுக்குச் செய்தி போய், அங்கிருந்து இன்னொரு கேபிளில் திரும்பி வந்து பாஸ்டனை அடைந்தது. தண்ணீருக்கடியில் கிடந்த கம்பி தப்பியது. காற்றில் தொங்கிய கம்பி அறுந்தது. பூமிக்குள் புதைப்பதா வேண்டாமா என்று பல ஆண்டுகளாக நடந்துவந்த வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை.

ராஸ்கோ கான்க்ளிங்

புயலுக்குப் பலியானவர்களில் நாடறிந்தவர் ராஸ்கோ கான்க்ளிங். நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் செனட்டர். குடியரசுக் கட்சியில் ஒரு காலத்தில் அதிபர்களையே எதிர்த்து நின்ற தலைவர். 1888-இல் அவருக்கு வயது 58. வால் ஸ்ட்ரீட்டில் வழக்கறிஞராக இருந்தார். திங்கள் மாலை அலுவலகத்திலிருந்து மேடிசன் சதுக்கம் அருகே உள்ள நியூயார்க் கிளப்புக்குப் போக வேண்டியிருந்தது. வாடகை வண்டிக்காரர் ஒருவர் 50 டாலர் கேட்டார். அந்தத் தொகையைக் கொடுக்க மறுத்த கான்க்ளிங் நடக்கத் தொடங்கினார்.

நான்கு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. யூனியன் சதுக்கத்தில் ஒரு பனிமேட்டில் சிக்கி வெகுநேரம் போராடி மீண்டார். கிளப்பின் வாசலை அடைந்ததும் விழுந்தார். சில நாட்களில் தேறியதுபோலத் தோன்றி மறுபடி வழக்குகளைப் பார்க்கத் தொடங்கினார். பின்பு காதில் தொடங்கிய நோய்த்தொற்று மூளையை எட்டியது. அறுவை சிகிச்சையும் பலிக்காமல் ஏப்ரல் 18 அன்று இறந்தார். அவருடைய சிலை இன்றும் மேடிசன் சதுக்கப் பூங்காவில் நிற்கிறது.

ஊரில் மாட்டிக்கொண்ட இன்னொருவர் எழுத்தாளர் மார்க் ட்வைன். ஹார்ட்ஃபோர்டிலிருந்து அவருடைய மனைவி நியூயார்க் வந்து சேர முடியாமல் போக, அவர் விடுதியிலேயே தங்க நேர்ந்தது. கியூபாவின் கவிஞரும் விடுதலைப் போராளியுமான ஹோசே மார்த்தி அப்போது நியூயார்க்கில் நாடுகடந்து வாழ்ந்துகொண்டிருந்தார். பனியில் புதைந்த நகரைப் பற்றி அவர் புவெனஸ் ஐரிஸின் 'லா நாசியோன்' நாளிதழுக்கு எழுதிய கட்டுரை, ஸ்பானிய மொழி இதழியலில் போற்றப்படும் படைப்புகளுள் ஒன்று.

கடலில்

கரையில் இருந்தவர்களுக்கு மதுக்கடையாவது கிடைத்தது. கடலில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. 200-க்கும் மேற்பட்ட கப்பல்களும் படகுகளும் மூழ்கின அல்லது தரைதட்டின. குறைந்தது 100 மாலுமிகள் இறந்தார்கள். வீசும் துளி ஒவ்வொன்றும் பாய்மரத்திலும் கயிற்றிலும் உறைந்தது. பாயைச் சுருட்டவும் முடியாமல் விரிக்கவும் முடியாமல் கப்பல்கள் பனிக்கட்டியின் கனத்தில் சாய்ந்தன.

மிகுந்த ஆபத்தில் இருந்தவை பைலட் படகுகள். துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களுக்கு மணல்திட்டுகளின் ஊடே வழிகாட்டும் மாலுமிகளை ஏற்றிச்செல்லும் சிறிய பாய்மரப் படகுகள் அவை. நியூயார்க் துறைமுகத்தில் இந்தத் தொழிலில் கடும் போட்டி. முதலில் கப்பலை எட்டுபவருக்கே கட்டணம் என்பதால், படகுகள் கரையிலிருந்து வெகுதூரம் வரை சென்று காத்திருக்கும். சாண்டி ஹூக் முனைக்கு அப்பால் அப்படிக் காத்திருந்தவை புயலின் நடுவே அகப்பட்டன. 'பேண்டம்', 'என்சாண்ட்ரஸ்' என்ற இரண்டு படகுகள் ஆட்களோடு மறைந்தன. வேறு சில கரையில் மோதி உடைந்தன. 1895-இல் பைலட்டுகள் போட்டியைக் கைவிட்டு ஒரே அமைப்பாக இணைந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பாய்மரப் படகுகளின் இடத்தை நீராவிப் படகு பிடித்தது.

தெற்கே டெலவர் விரிகுடாவின் வாயிலில் லூயிஸ் என்ற ஊர் உள்ளது. அங்கே புயலுக்கு அஞ்சி அலைதடுப்புச் சுவருக்குள் ஒதுங்கியிருந்த கப்பல்கள் நங்கூரம் அறுந்து ஒன்றோடொன்று மோதின. பல கரையேறி உடைந்தன. கடலுயிர் மீட்புச் சேவையின் ஆட்கள் கயிறு வீசியும் படகு செலுத்தியும் மாலுமிகளைக் கரைசேர்த்தார்கள்.

ஆற்றின் மேல் நடை

செவ்வாய்க்கிழமை காலை நியூயார்க்கில் வெப்பநிலை மைனஸ் 14 டிகிரி செல்சியஸ். கிழக்கு ஆற்றில் மிதந்து வந்த பனிப்பாளங்கள் மன்ஹாட்டனுக்கும் புரூக்ளினுக்கும் இடையே நெருங்கி இறுகி நின்றன. படகுகள் நின்றுவிட்ட நிலையில் மக்கள் பாளங்களின் மேல் நடந்து அக்கரைக்குப் போகத் தொடங்கினார்கள். கரையிலிருந்து இறங்க ஏணி வைத்தவர்கள் அதற்கும் காசு வாங்கினார்கள். சில ஆயிரம் பேர் இப்படிக் கடந்தார்கள். கடலின் ஓதம் திரும்பியதும் பாளங்கள் பிளந்து நகர்ந்தன. நடுவில் இருந்தவர்கள் மிதக்கும் துண்டுகளின் மேல் கடல் நோக்கி இழுத்துச்செல்லப்பட, இழுவைப் படகுகள் விரைந்து சென்று அவர்களை மீட்டன.

வீடுகளில் வேறு வகைத் துன்பம். ஏழைக் குடும்பங்கள் நிலக்கரியை மொத்தமாக வாங்கி வைப்பதில்லை. அன்றன்றைக்கு வாளிக்கணக்கில் வாங்குவதே வழக்கம். வண்டி ஓடாததால் நிலக்கரி விலை ஏறியது. பல கடைகளில் இருப்பே இல்லை. பால் நாள்தோறும் கிராமங்களிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தது. ரயில் நின்றதும் பாலும் நின்றது. கைக்குழந்தைகள் உள்ள வீடுகள் தவித்தன. தீயணைப்பு வண்டிகளை இழுக்கும் குதிரைகள் பனியில் நகர முடியாததால், பற்றிய தீ கட்டடங்களை எரித்துத் தீர்த்தது.

உள்நாட்டு ஊர்கள்

நியூயார்க் நகரில் செய்தித்தாள்கள் மிகுதி. அதனால் புயலின் கதை அந்நகரத்தின் கதையாகவே நிலைத்துவிட்டது. பனியின் அளவைப் பார்த்தால் மற்ற ஊர்களே அதிகம் பட்டன. கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் 45 அங்குலம், நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனியில் 47 அங்குலம், டிராயில் 55 அங்குலம், சாரட்டோகா ஸ்பிரிங்ஸில் 58 அங்குலம் பனி விழுந்தது.

அந்த ஊர்களை இணைத்த ரயில் பாதைகள் பல இடங்களில் பாறையையும் மேட்டையும் வெட்டி அமைத்தவை. அந்த வெட்டுப் பள்ளங்களில் காற்று பனியை நிரப்பியது. எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து மோதவிட்டும் வழி திறக்கவில்லை. பனி மழையால் இறுகிக் கல்லாகியிருந்த இடங்களில் எஞ்சினே தடம்புரண்டது. வெட்டவெளியில் நின்ற ரயில்களின் பயணிகளுக்கு அருகிலிருந்த பண்ணை வீட்டினர் உணவு கொடுத்தார்கள். கடைசியில் பாதைகளைத் திறந்தது மனிதக் கையும் மண்வாரியும்தான். குடியேறி வந்த இத்தாலியத் தொழிலாளர்களை ரயில் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் அந்த வேலைக்கு அமர்த்தின.

புதன்கிழமை காற்று தணிந்தது. நகரங்களில் பனியை வண்டிகளில் ஏற்றி ஆற்றில் கொட்டினார்கள். தெருவிலேயே தீ மூட்டியும் உருக்கினார்கள். மார்ச் மாத வெயில் சீக்கிரமே வேலையைத் தொடங்கியது. உருகிய நீர் தாழ்வான தெருக்களிலும் நிலவறைகளிலும் புகுந்து புரூக்ளினின் பல பகுதிகளில் வெள்ளமாயிற்று. பனி வடிந்தபோது எஞ்சியிருந்த உடல்களும் கிடைத்தன. சொத்திழப்பு 2 கோடி டாலருக்கும் அதிகம் என்று அன்று மதிப்பிட்டார்கள்.

ஆய்வுக்கு வந்த புயல்

புயலைப் பற்றிய முதல் முறையான ஆய்வு அந்த ஆண்டே வெளியானது. 1888 ஜனவரியில் வாஷிங்டனில் தொடங்கப்பட்ட நேஷனல் ஜியோகிராபிக் சங்கம், அக்டோபரில் தன் இதழின் முதல் எண்ணை வெளியிட்டது. அதில் மார்ச் புயலைப் பற்றி கிரீலியும், கடற்படையின் நீர்வரைவியல் அலுவலகத்தைச் சேர்ந்த எவரெட் ஹேடனும் எழுதினார்கள். கிரீலியிடம் நிலத்து நிலையங்களின் அளவுகள் இருந்தன. ஹேடன், அந்த நான்கு நாட்களில் அட்லாண்டிக்கில் இருந்த கப்பல்களின் பதிவேடுகளைத் திரட்டி, நாள்வாரியாக வரைபடம் தீட்டினார். முன்னறிவித்தவர்களின் பார்வைக்கு எட்டாதிருந்த கடற்பகுதி, பல மாதங்கள் கழித்து அப்படித்தான் படத்தில் ஏறியது.

நூற்றாண்டு நெருங்கியபோது, 1983-இல் வானிலையியலாளர் பால் கோசின் பழைய அளவுகளை நவீன முறையில் மறுபடி அலசினார். தென்கோடியில் பிறந்த மையம் கரையோரம் வேகமாக வலுத்ததும், உறைகாற்றுக்கும் கடற்காற்றுக்கும் இடையே மிகக் குறுகிய தொலைவில் பெரும் வெப்பநிலை வேறுபாடு இருந்ததும், புயல் நகராமல் நின்றதும் ஒன்றுசேர்ந்ததே பேரழிவுக்குக் காரணம் என்று அந்த ஆய்வு காட்டியது.

புயலுக்குப் பின்

சுரங்க ரயிலையும் பூமிக்கடியிலான கம்பிகளையும் நியூயார்க்குக்குத் தந்தது இந்தப் புயல்தான் என்று பல நூல்கள் எழுதுகின்றன. தேதிகளை வரிசைப்படுத்தினால் உண்மை இன்னும் கொஞ்சம் சிக்கலானது.

பெருநகரங்களில் கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 1884-இலேயே சட்டம் இயற்றியது. 1885 நவம்பர் அதற்கான கெடு. நிறுவனங்கள் செலவைக் காட்டி இழுத்தடித்தன, நீதிமன்றம் சென்றன. மேற்பார்வைக்கு ஆணையம் அமைந்தும் வேலை மெதுவாகவே நகர்ந்தது. புயலில் கம்பங்கள் விழுந்த பிறகும் நிறுவனங்கள் தாமாக முன்வந்துவிடவில்லை. 1889-இல் மேயராகப் பொறுப்பேற்ற ஹியூ கிராண்ட், கம்பங்களை வெட்டிச் சாய்க்க ஆணையிட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் கம்பியில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு தொழிலாளி, ஊரே பார்க்க மின்சாரம் தாக்கி இறந்தார். அதன்பின் மக்களின் கோபத்தை எதிர்த்து நிற்க யாராலும் முடியவில்லை.

சுரங்க ரயிலின் கதையும் இப்படித்தான். மேயர் ஆப்ரம் ஹியூயிட், நகராட்சியின் பணத்தில் விரைவு ரயில் பாதை அமைக்க வேண்டும் என்ற அறிக்கையை 1888 ஜனவரி 31 அன்று நகர மன்றத்துக்கு அனுப்பினார். புயல் வர அப்போது ஆறு வாரங்கள் இருந்தன. மன்றம் அதை ஏற்கவில்லை. புயலில் உயர்மட்ட ரயில் உறைந்து நின்ற காட்சி அவருடைய வாதத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் பணமும் அரசியலும் வழிவிட மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 1894-இல் சட்டமும் மக்கள் வாக்கெடுப்பும் வந்தன. 1900-இல் தோண்டத் தொடங்கினார்கள். 1904 அக்டோபர் 27 அன்று முதல் சுரங்க ரயில் ஓடியது. ஹியூயிட் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். இதற்குள் 1897-இல் பாஸ்டன் அமெரிக்காவின் முதல் சுரங்கப் பாதையைத் திறந்து முந்திக்கொண்டது.

வானிலைச் சேவையும் ராணுவத்தின் கையிலிருந்து விலகியது. 1890-இல் நிறைவேறிய சட்டப்படி, 1891 ஜூலை 1 முதல் அது வேளாண் துறையின் கீழ் வானிலைப் பணியகமாக இயங்கத் தொடங்கியது. ராணுவத்துக்கும் சிவில் அதிகாரிகளுக்கும் இடையே நெடுநாளாக இருந்த பூசலே இதற்கு முதன்மைக் காரணம். கடலில் என்ன நடக்கிறது என்பது உடனுக்குடன் தெரிய, கம்பியில்லாத் தந்தி கப்பல்களில் ஏறும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1929-இல் அந்தப் புயலைக் கண்டவர்கள் நியூயார்க்கில் ஒரு சங்கம் அமைத்து, மார்ச் 12-ஐ ஒட்டி ஆண்டுதோறும் கூடி, தாம் கண்டதைச் சொல்லிக்கொண்டார்கள். உறுப்பினர்கள் சேர்த்தளித்த நினைவுகளை சாமுவேல் மெரிடித் ஸ்ட்ராங் 1938-இல் நூலாக்கினார். பிற்காலத்தில் 1947, 2006, 2016 ஆகிய ஆண்டுகளில் நியூயார்க் நகரில் 1888-ஐ விட அதிகப் பனி விழுந்தது. 2016 ஜனவரியில் விழுந்தது 27 அங்குலத்துக்கும் மேல். 2006, 2016 புயல்களை நகரம் முன்கூட்டியே அறிந்திருந்தது. மன்ஹாட்டனின் கம்பிகள் பூமிக்கடியில் இருந்தன. 2016-இல் தரைக்கு மேலே ஓடும் ரயில்களை நிறுத்திய பிறகும் சுரங்கப் பாதைகளில் ரயில்கள் ஓடின. 1888-இல் 21 அங்குலப் பனியில் 200 பேர் மடிந்ததற்கும், அதைவிடக் கூடுதலான பனியைப் பின்னாளில் நகரம் தாங்கியதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை, நிறைவேற இருபது ஆண்டுகள் வரை எடுத்துக்கொண்ட அந்தப் பழைய சட்டங்களும் திட்டங்களுமே பெரிதும் விளக்குகின்றன.